கையுறையோடு கடைக்குப் போனவள்

அக்டோபர் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. மார்லீன் முழங்கால் வரை பூட்ஸும், தடித்த குளிர்கோட்டும், கரடிப் பாதம் மாதிரி இரண்டு கம்பளிக் கையுறைகளும் மாட்டிக்கொண்டு வந்து காரில் ஏறினாள். புருஷன் நார்பர்ட்டுக்கு மானம் போயிற்று.

"எங்க கெளம்பிட்ட? நாம போறது கடைக்கு. வட துருவத்துக்கு இல்ல."

"தெரியும். வண்டிய எடு."

பஃபலோ நகரத்துக்குத் தெற்கே, ஏரிக்குக் கோபம் வந்தால் ஒரே ராத்திரியில் பனியைக் கொட்டிக் கார்களைக் காணாமல் அடிக்கிற புறநகர் அது. அங்கே முப்பது குளிர்காலமாகத் தன் வீட்டு வண்டிப்பாதைப் பனியை ஷவலால், அந்த அகன்ற தட்டு வைத்த மண்வாரியால் மட்டுமே தள்ளியவர் நார்பர்ட் காஸ்மரெக். பனி அள்ளும் மெஷின் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் அவருக்கு இளக்காரம். "முதுகெலும்பு இல்லாதவனுக்குத்தான் மெஷின்" என்பார். எல்லாம் ஜூன் மாதம் வரைதான். ஜூனில் அவர் நெஞ்சைத் திறந்து இதயக் குழாயில் மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டார்கள். "இனிமே ஷவலத் தொட்டீங்கன்னா அடுத்த தடவ பாதிரியாரத்தான் பார்ப்பீங்க" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

மார்லீனுக்கு டாக்டர் சொல்ல வேண்டியதே இல்லை. இரண்டு வீடு தள்ளியிருந்த வால்ட், போன ஜனவரியில் வாசல் பனி வரப்பில் ஷவலும் கையுமாக உயிரில்லாமல் கவிழ்ந்து கிடந்ததை முதலில் பார்த்தவள் அவள்தான். வானத்திலிருந்து விழும் பனி பஞ்சுதான், அது யாரையும் ஒன்றும் செய்யாது. ஊர் லாரி தெருவை வழித்துக்கொண்டு போகும்போது ஒவ்வொரு வாசலிலும் ஒரு வரப்பை விட்டுப் போகிறதே, உப்பும் ஐஸும் கலந்து இறுகிய வரப்பு, அதுதான் ஆளை விழுங்கும்.

கடைக்காரன் டெனிஸ் அவளைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் திண்டாடினான். "என்னக்கா, வெளிய நல்ல வெயிலு!"

நார்பர்ட் நேரே போய் இருப்பதிலேயே பெரிய மெஷினைப் பிடித்துக்கொண்டார். முப்பது அங்குல வாய், முன்விளக்கு, சூடேறும் கைப்பிடி. குதிரைச் சந்தையில் நிற்பவர் மாதிரி அதைத் தட்டிக்கொடுத்தார்.

டெனிஸ் மார்லீனைச் சின்ன பேட்டரி மெஷின் பக்கம் கூட்டிப்போனான். "அக்காவுக்கு இது தோதா இருக்கும். பூ மாதிரி."

"லாரி விட்டுட்டுப் போற சொவர இது தின்னுமா?"

"அது… மெல்ல மெல்ல…"

"கொறிக்கும்னு சொல்லு. அது கொறிச்சு முடிக்கறதுக்குள்ள இந்த மனுசன் ஷவலத் தூக்கிட்டு வந்து நிப்பாரு."

அடுத்து அவள் நார்பர்ட்டின் பட்டத்து யானையிடம் வந்தாள். கையுறையைக் கழற்றாமலே ஒவ்வொரு நெம்புகோலையும் இழுத்துப் பார்த்தாள். கைப்பிடி அவள் நெஞ்சுக்கு வந்தது. திருப்பும் விசை விரலுக்கு எட்டவே இல்லை.

"இது எனக்கு ஆகாது."

"ஒனக்கு எதுக்கு ஆகணும்?" என்றார் நார்பர்ட். "ஓட்டப் போறது நான்."

"இல்ல நார்ப். ஓட்டப் போறது நான்."

கடையில் இன்னும் நாலு பேர் நின்றிருந்தார்கள். நார்பர்ட்டின் காதுமடல் பற்றி எரிந்தது.

அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நடுத்தர மெஷின் ஒன்றை வரிசையிலிருந்து பின்னுக்கு இழுத்து, புல்வெட்டும் வண்டிகளுக்கு நடுவே எதிலும் இடிக்காமல் ஒரு வட்டம் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினாள். பனியைக் கடித்து உள்ளே இழுக்க இரும்புப் பல் வைத்த திருகு, பனியை வாரி உயரத் தூக்கி எறியும் குழாய், கையுறை போட்ட விரலுக்குள் அடங்கும் விசை, எல்லாம் சரியாக இருந்தன. அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள்.

"இதுல மொதல்ல எது ஒடியும்?"

டெனிஸ் முழித்தான். "எவ்வளவு தூரம் எறியும்னுதான் எல்லாரும் கேப்பாங்க. இத ஒருத்தரும் கேட்டதில்லக்கா." குனிந்து திருகின் அச்சில் இருந்த ஒரு சின்ன போல்ட்டைக் காட்டினான். "கல்லு, கட்டை ஏதாச்சும் சிக்குனா இது ஒடிஞ்சுரும். இது ஒடியறதாலதான் எஞ்சின் பொழைக்கும்."

"கழட்டி மாட்டிக் காட்டு. அப்புறம் நான் மாட்டறேன்."

மாட்டிப் பழகிவிட்டு, அந்த நடுத்தர மெஷினோடு கை நிறைய மாற்று போல்ட்டும் வாங்கிக்கொண்டாள். யானை வாங்கியவள் அங்குசத்துக்கா யோசிப்பாள்?

நார்பர்ட் கோபித்துக்கொண்டார். வருஷாவருஷம் மண் உறைவதற்கு முன்னால் பாதையின் இரண்டு ஓரமும் குச்சி நடுவது அவர் வேலை. பனி மூடிய பிறகு பாதை எது, பூப்பாத்தி எது என்று அந்தக் குச்சிதான் சொல்லும். இந்த வருஷம் குச்சிக் கட்டைக் கராஜிலேயே போட்டுவிட்டார். ஓட்டுகிறவளே நட்டுக்கொள்ளட்டும் என்று நினைப்பு. கிழவருக்குப் பிள்ளைப் புத்தி.

நவம்பரில் ஏரி ஆரம்பித்தது. விடிந்து பார்த்தால் இடுப்பளவு பனி. மார்லீன் அதே கோட்டும் அதே கையுறையுமாக இறங்கினாள். நார்பர்ட் காப்பியோடு ஜன்னலில் நின்று, அவள் செய்யப்போகும் தப்புகளுக்காகக் காத்திருந்தார். அவள் தப்பே செய்யவில்லை. அவசரப்படாமல், காற்றுக்கு முதுகைக் காட்டி, பனியை ஒரே பக்கமாக எறிந்துகொண்டு போனாள். குச்சி இல்லாத பாத்தி ஓரம் வரும்போது மட்டும் தயங்கித் தயங்கித் தடவினாள். அது யாரால் என்று நார்பர்ட்டுக்குத் தெரியும். காப்பி கசந்தது.

வாசல் வரப்பில் பாதி போயிருப்பாள். டமார் என்று ஒரு சத்தம். திருகு நின்றுவிட்டது.

நார்பர்ட் யோசிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த ஷவலை எடுத்துக்கொண்டு, வெறுங்காலில் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினார்.

மார்லீன் அதற்குள் எஞ்சினை அணைத்து, சாவியை உருவிப் பைக்குள் போட்டுவிட்டு, மெஷினின் வாய்க்குள் கட்டையை விட்டு நோண்டிக்கொண்டிருந்தாள். கல்லாக உறைந்த செய்தித்தாள் சுருள் ஒன்று வெளியே வந்து விழுந்தது.

"இந்தா, ஒன் பேப்பரு." நிமிர்ந்தவள் ஷவலைப் பார்த்துவிட்டாள். "அத வெச்சிரு."

"பாதிதான இருக்கு மார்லீன்? நாலு தள்ளு தள்ளுனா…"

"வால்ட்டும் இதையேதான் சொல்லிருப்பான்."

கையுறையைக் கழற்றி, ஒடிந்த போல்ட்டை உள்ளங்கையில் வைத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது ஒடிஞ்சா மாத்த பை நெறைய வெச்சிருக்கேன். ஒனக்கு மாத்து நான் எங்கய்யா போய் வாங்குவேன்?"

அந்த வெயிலில் பூட்ஸ் போட்டு வந்ததும், நெம்புகோல் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்ததும், எது ஒடியும் என்று கேட்டதும் நார்பர்ட்டுக்கு இப்போதுதான் விளங்கியது. ஜூன் மாதத்திலிருந்து இவள் பயந்துகொண்டே இருந்திருக்கிறாள். பயந்துகொண்டே ஒன்றுவிடாமல் யோசித்தும் இருக்கிறாள்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு குனிந்து, புது போல்ட்டை மாட்டி, சாவியைப் போட்டாள். மெஷின் உறுமிக்கொண்டு வரப்புக்குள் புகுந்தது. ஐஸும் உப்பும் சேறும் குழாய் வழியாக எகிறி, வில்லாக வளைந்து வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தன. முப்பது வருஷத்தில் இந்த வாசலை இத்தனை சுத்தமாக யாரும் திறந்ததில்லை. அவரும்தான். என்ன பொம்பளை இவள், என்று வாய்விட்டே சொன்னார். எஞ்சின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

மெஷின் நின்றதும், அவள் திறந்துவிட்ட பாதையில் நிதானமாக நடந்து வலப்பக்க மூலைக்குப் போனார். ஷவலின் தட்டைக் குவிந்திருந்த பனிக்குள் செருகி, பிடி மேலே தெரிய நிறுத்தினார்.

"பூப்பாத்தி மூல இது. இதுக்கு அந்தாண்ட போயிராத."

மார்லீன் ஷவலைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள். "வசந்தம் வரைக்கும் அங்கயே நிக்கட்டுமா?"

"நிக்கட்டும்."

செய்தித்தாளை அடுப்போரம் வைத்துக் காய வைக்க வேண்டும், அவளுக்குப் புதுக் காப்பி போட வேண்டும். நார்பர்ட் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.