செம்பில் வெட்டிய பேர்

என் வீட்டுக்காரர் பூமிநாதன் பட்டாளத்திலிருந்து திரும்பும்போது மற்றவர்களைப் போலக் கம்பளி, டிரங்குப் பெட்டி என்று கொண்டுவரவில்லை. மணிப்பூர் மலையில் அந்தக் காலத்து ஜப்பான் சண்டை நடந்த இடங்களில் கிடந்த காலித் தோட்டாக் கூடு, ஓட்டை விழுந்த இரும்புத் தொப்பி, துருப்பிடித்த பெல்ட் கொக்கி என்று ஒரு மூட்டை கொண்டுவந்தார். எதுவும் வெடிக்காது என்று பட்டாளத்தில் பார்த்துத்தான் கொண்டுபோக விட்டார்களாம். அருப்புக்கோட்டை வீட்டில் கண்ணாடி அலமாரி செய்து அடுக்கினார். என்னைத் துடைக்கக்கூட விடமாட்டார். அரிசி மூட்டைக்கு இடமில்லாத வீட்டில் துருவுக்கு அலமாரியா என்று நான் பொருமாத நாளில்லை.

அதில் ஒரு பித்தளைச் செம்பு அவருக்கு உயிர். நசுங்கிய வயிற்றில் ‘சீனிச்சாமி, எம்.ரெட்டியபட்டி’ என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. நம்ம பக்கத்து ஆள் அவ்வளவு தூரத்தில் செத்திருக்கிறான், அவன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் தூக்கம் வராது என்று ஆறு வருஷமாகத் தேடினார். ரெட்டியபட்டியில் அப்போது இருந்தது ஒரே ஒரு சீனிச்சாமிதான். அவரும் ஊரைவிட்டு நகராமல் பருத்தி போட்டு, கிழவராகித்தான் செத்தார் என்றார்கள். மனுஷன் சோர்ந்துபோனார்.

இந்தப் பொங்கலுக்கு முன்னால் எங்கள் அண்டாவைத் துலக்கிக்கொண்டிருந்தேன். அதில் எங்கள் கல்யாணத்துக்கு அதைச் செய்முறையாகக் கொடுத்த என் தாய்மாமன் பேர் வெட்டியிருக்கும். தேய்த்த கை அப்படியே நின்றுவிட்டது.

“ஏங்க, செய்முறைப் பாத்திரத்துல குடுத்தவுக பேரத்தான வெட்டுவாக? வச்சிருந்தவரு வேற ஆளா இருக்கும்ல.”

அவர் பார்த்த பார்வையில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மறுநாளே பஸ் ஏறினோம். சீனிச்சாமியின் மகள் சுப்பம்மாளுக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். செம்பை வாங்கி, பேரை விரலால் தடவினார். பட்டாளத்துக்குக் கிளம்பிய சித்தப்பா இருளாண்டிக்கு அய்யா தன் பேர் வெட்டிக் கொடுத்தது என்றார். போனவர் திரும்பவில்லை, தகவலும் இல்லை. செத்ததை யார் பார்த்தது என்று கேட்டு, அய்யா கடைசிவரை தம்பிக்குத் திதி கொடுக்க விடவில்லையாம். வாசல் பக்கம் தலைவைத்தேதான் படுப்பாராம்.

சொல்லி முடித்து, செம்பைத் திருப்பி நீட்டினார். என் வீட்டுக்காரர் கையை நீட்டவில்லை.

“உங்க வீட்டுச் செம்பு ஆத்தா. நீங்களே வச்சுக்கங்க.”

அந்தச் செம்பை என்னைத் தொடக்கூட விடாத மனுஷன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சுப்பம்மாள் அதில் தண்ணீர் மொண்டு, வீட்டுக்குள் அய்யா படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

“அய்யா, சித்தப்பா வந்துட்டாக. வார தை அமாவாசைக்கு ரெண்டு பேருக்கும் சேத்தே தண்ணி விட்டுருதோம்.”