முந்திய பல்

நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்த அமராவதியின் கடைவாயை ஷர்லி மறுபடியும் கம்பி நுனியால் தட்டிப் பார்த்தாள். கடைசிப் பல்லில் குழி இருந்தது. நுனி உள்ளே இறங்கியது. அதற்கு முந்திய பல் கல் மாதிரி இருந்தது. கம்பி எங்கேயும் சிக்கவில்லை. ஆனால் எதிர்ச்சுவரில் இருந்த திரையில், எக்ஸ்ரே படத்தின் மேல், இரண்டு பற்களுக்குமே கம்ப்யூட்டர் சிவப்புக் கட்டம் போட்டிருந்தது.

முந்திய பல்லில் காட்டியது, பக்கத்துப் பல்லின் விளிம்பு அதன் மேல் விழுந்த நிழல்தான். ஷர்லிக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் கையுறையைக் கழற்றினாள், வேறொன்றை மாட்டினாள், ஜன்னலுக்குப் போய்த் திரும்பி வந்தாள். கீழே கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டில் பட்டுக்கோட்டை வண்டி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பல் ஆஸ்பத்திரியின் தலைமை அலுவலகம் திருச்சியில் இருந்தது. கம்ப்யூட்டரின் ஏ.ஐ. காட்டும் சொத்தையை டாக்டர் ஒத்துக்கொள்ளலாம், மறுக்கவும் செய்யலாம்; மறுத்தால் அந்தப் பல்லுக்கான கட்டணம் வராது. யார் எவ்வளவு மறுக்கிறார்கள் என்பதை அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷர்லிக்கு முன்னால் இந்த அறையில் இருந்த குணசேகரன் நிறைய மறுத்தவர். ஒரு திங்கட்கிழமை அவர் வேலைக்கு வந்தபோது வாசல் மெஷின் அவருடைய விரல்ரேகையை எடுத்துக்கொள்ளவில்லை. படித்து முடித்து, போன இடமெல்லாம் ஆள் தேவையில்லை என்று கேட்டு, ஆவூர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்த ஷர்லிக்கு அப்படிக் கிடைத்த வேலை இது. அப்பா சவரியப்பன் பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

அவள் முந்திய பல்லுக்கு மறுப்பை அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. திருச்சியிலிருந்து மேனேஜர் தமிழ்செல்வன். அவர் எப்போதும் தணிந்த குரலில்தான் பேசுவார். சாப்பிட்டாளா என்று விசாரித்துவிட்டு, இந்த மாதம் அவளுடைய மறுப்புதான் எல்லாக் கிளையிலும் அதிகம் என்றார்.

"சார், நல்ல பல்லு சார் அது. நான் தொட்டுப் பாத்துட்டேன்."

"குணசேகரன் சாரும் இதையேதான் சொன்னாரு மேடம்" என்றார் தமிழ்செல்வன். "யோசிச்சுப் பண்ணுங்க."

ஷர்லி போனைக் கவிழ்த்து வைத்தாள். அமராவதி எழுந்து உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைக்கிறவள். அடுப்பை உதவியாளிடம் விட்டுவிட்டு வந்ததால், மதியச் சாப்பாட்டுக்குள் திரும்ப வேண்டும் என்று வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்தாள்.

"அதுலயும் செவப்பா இருக்கே டாக்டரம்மா?"

"அது ஒண்ணுமில்லக்கா. நெழலு. கடைசிப் பல்லை மட்டும் அடைச்சா போதும்."

அமராவதி நம்பாமல் அவள் முகத்தைப் பார்த்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் போன வருஷம் இப்படித்தான் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள், பிறகு அந்தப் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது என்றாள். குரல் இறங்கியது.

"இவ எங்க பணம் கட்டப்போறான்னு நெனச்சுச் சொல்றீங்களா? நான் ஏற்பாடு பண்ணிட்டுத்தாம்மா வந்தேன். மெஷினே காட்டுது. அதையும் அடைச்சு விட்டுருங்க."

ஷர்லி பேச வாயெடுத்தாள். கவிழ்த்து வைத்த போன் மேசையில் அதிர்ந்தது. அது நின்று மறுபடியும் அதிர்ந்தது. அவள் திரைக்குப் போய், மறுப்பை எடுத்துவிட்டு, ஒப்புதலை அழுத்தினாள்.

"சாஞ்சுக்கங்கக்கா" என்றாள்.

ஊசி போட்டு, மரத்துப்போகும்வரை நாற்காலியைச் சுற்றி நடந்தாள். கடைசிப் பல் சீக்கிரம் முடிந்தது. அழுகிய பாகம் தூளாக வந்து தண்ணீரில் போயிற்று. முந்திய பல்லில் டிரில்லை வைத்தபோது அது வழுக்கியது. மறுபடி வைத்து அழுத்தினாள். வெள்ளை வெளேரென்று தூள் தெறித்தது. எவ்வளவு இறங்கியும் கறுப்பே தென்படவில்லை. அவள் டிரில்லை வெளியே எடுத்தாள்.

தனக்கு வலிக்குமென்று டாக்டர் தயங்குவதாக அமராவதி நினைத்துக்கொண்டாள். வலிக்கவில்லை என்று கையை அசைத்துக் காட்டினாள். பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கருவி நன்றாகப் போவதற்குத் தோதாக, வாயை இன்னும் அகலமாகத் திறந்தாள்.