துயாராவின் லாரிக்கு வந்த கோடை

தாரின் என்ற கிராமத்தில், உறைந்த பாலைக் கோடரியால் பிளந்து விற்கும் ஜனவரி மாதத்தில், துயாராவின் பழைய லாரியைச் சுற்றி மட்டும் கோடைகாலம் வந்தது. மற்ற இடங்களில் மைனஸ் ஐம்பத்தாறு டிகிரி.

அந்த லாரி அவள் கணவன் மிச்சிலுடையது. முந்தைய ஆண்டு நடுக்காட்டில் எஞ்சின் நின்று உறைந்தது, அவனும் உறைந்தான். வண்டியை இழுத்து வந்தவர்கள் விற்றுவிடச் சொன்னார்கள். துயாரா விற்கவில்லை. யாகுத்ஸ்க் நகரத்துக்குப் போய் ஒரு ஹீட்டர் வாங்கி வந்தாள். கொஞ்சம் டீசலை எரித்து, எஞ்சினுக்குள் ஓடும் கூலன்ட்டைச் சூடாக்கிச் சுற்றவிடும் சின்ன டப்பா அது. ரேடியேட்டர் குழாயை அறுத்து இடையில் பொருத்தினாள். முதலில் குழாயில் காற்று அடைத்துக்கொண்டது; பிறகு ஒழுகியது. விரல் தோல் இரும்பில் ஒட்டிக் கிழிந்தும் விடாமல் கழற்றிப் பூட்டி, மேலே குதிரைத்தோலைச் சுற்றிக் கட்டினாள். எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது. பானெட்டுக்கு அடியிலிருந்து கொசுக்கள் பறந்தன. சக்கரத்தடியில் புல் முளைத்தது. ஊர்க் குதிரைகள் மேய வந்தன, அவள் விரட்டவில்லை.

அந்தக் குளிர்காலத்துக்காக, ஆறு உறையுமுன் வரவேண்டிய டீசல் கப்பல் வந்திருக்கவில்லை. வழக்கமாகக் குளிர்காலம் முழுக்க எஞ்சினை அணைக்காத டிரைவர்களெல்லாம் அணைத்துவிட்டார்கள், வண்டிகள் கல்லாகிவிட்டன. வீடுகளுக்கு வெந்நீர் அனுப்பும் கொதிகலனிலும் எண்ணெய் அடிமட்டத்துக்குப் போயிற்று. மிச்சம் எண்ணெய் இருந்த கிடங்கோ இண்டிகிர்கா ஆற்றுக்கு அக்கரையில். ஓடக்கூடிய ஒரே வண்டி, நின்ற இடத்தில் பனிக்கட்டியை உருக்கும் வண்டி.

"ஒறஞ்ச ஆத்து மேல கோடைய ஓட்டிட்டுப் போறியா? கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?" என்றான் மிச்சிலின் கூட்டாளி பொத்தூர்.

"நின்னாத்தானண்ணே உருகும். நிக்க மாட்டேன்."

"ஹீட்டர அணைச்சிட்டாவது போ."

"அணைஞ்ச எஞ்சின் என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும்ண்ணே."

பொத்தூர் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

போகும்போது காலி வண்டி; சிரமமில்லை. திரும்பும்போது பின்னால் ஏற்றிய டேங்க் நிறைய டீசல். ஆற்றின் மேல் போகிற எல்லாரையும்போல அவசரத்தில் குதிக்க இரண்டு கதவையும் திறந்தே வைத்திருந்தார்கள். பாதி ஆற்றில் பின்சக்கரத்துக்குப் பின்னால் பனிக்கட்டி பிளந்து, கறுப்புத் தண்ணீர் அவர்களைத் துரத்தியது.

"தங்கச்சி, குதிச்சிரலாம்!"

"டீசலும் கூடவே குதிக்குமா? உக்காருங்க!"

பொத்தூர் கன்னத்தில் கடித்த கொசுவை அடித்துக்கொண்டே உட்கார்ந்தான். துயாராவின் கண்முன் மிச்சிலின் முகம் ஒருமுறை வந்துபோனது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. முன்சக்கரம் கரையேறியது, பின்சக்கரம் நனைந்தபடி ஏறியது. அன்று மாலை வீடுகளின் குழாய்கள் மறுபடி சுட்டன.

மறுவருடம் எல்லா டிரைவர்களும் ஹீட்டர் பொருத்தச் சொல்லி வந்தார்கள். பொருத்தினாள். வண்டிகள் ஒழுங்காக ஓடின. பொத்தூரின் வண்டிக்கு மட்டும் இலையுதிர்காலம் வந்தது. காலையில் கண்ணாடி முழுக்க மஞ்சள் ஊசியிலைகள்.

"ஒனக்கு மட்டும் கோடை, எனக்கு மட்டும் குப்பையா?" என்று சண்டைக்கு வந்தான்.

"ஸ்டார்ட் ஆகுதில்ல?"

"ஆகுது."

"அப்புறம் என்னண்ணே?"

பொத்தூர் யோசித்துப் பார்த்தான். பிறகு சந்தையில் ஒரு துடைப்பம் வாங்கி சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டான்.