சீமாட்டி கேட்ட வசனம்

நடிகைக்கு நாற்பத்தெட்டு வயது. எட்டு வருடமாகப் படம் எதிலும் நடிக்காமல் எட்டு மாடுகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். சந்தைக்குப் போனால் இன்னமும் நாலு பேர் கூடிவிடுவார்கள். பண்ணையின் இரும்புக் கேட்டுக்கு வெளியே ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் நிற்கும், செல்போன்கள் உயரும். அவள் சாணிக்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கையசைப்பாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அவள் கணவர் ஒரு காலத்தில் படங்களுக்கு ஒலிப்பதிவு செய்தவர். இருபது வருடம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மற்றவர்கள் பேசியதைக் கேட்டதாலோ என்னவோ, தான் பேசுவதை அளவாக வைத்துக்கொண்டார். கோபம் வந்தாலும் வராவிட்டாலும் முகம் ஒரே மாதிரி இருக்கும். அவருடைய தங்கை அவரைக் கல்லுளிமங்கன் என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த ராணி வேடம் வந்தபோது நடிகை மூன்று நாள் யோசித்தாள். எதிரிப்படை சூழ்ந்த கோட்டையை ஏழு மாதம் காத்து நின்று, கடைசியில் கைதியாகிப்போன ஒரு ராணியின் கதை. வாள் வீச வேண்டும், குதிரை ஏற வேண்டும். அதெல்லாம் பெரிய விஷயமில்லை. தன்னை வென்றவனின் சபையில் நின்று ராணி பேசுகிற வசனம்தான் நான்கு பக்கம், அதுவும் பழைய நடையில். அதை வெட்டாமல் ஒரே ஷாட்டில் எடுக்கப்போவதாக டைரக்டர் சொல்லியிருந்தார்.

"போயிட்டு வா. நாற்பது நாள்தானே?" என்றார் கணவர்.

"மாடுங்க?"

"மாடுங்க எங்க போகப்போகுது? நான் இருக்கேன்ல."

அவள் வாயைத் திறந்து சொல்லாத காரணம் வேறு. முன்பெல்லாம் பத்துப் பக்க வசனத்தை மேக்கப் நாற்காலியிலேயே மனப்பாடம் செய்துவிடுவாள். இப்போது உள்ளூர்ச் சந்தைக்குப் போனாலே வாங்க வேண்டிய நாலில் ஒன்று மறந்துபோகிறது. அந்தப் பயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை, சீமாட்டியைத் தவிர.

சீமாட்டி என்பது வெள்ளையும் கறுப்புமான ஒரு பசு. மற்ற ஏழும் கறவை மெஷினுக்குப் பழகியவை. இதற்கு ஒரு காம்பில் பழைய காயம் இருந்ததால் மெஷினை வைத்தாலே உதைக்கும். கையால்தான் கறக்க வேண்டும், அதுவும் நடிகையின் கையால். காலை ஐந்து மணிக்கு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, நெற்றியை அதன் வயிற்றில் சாய்த்துக்கொண்டு அவள் ராணியின் வசனத்தைச் சொல்லிப் பார்ப்பாள். "வென்றவனே, என் கதவு மரத்தால் ஆனது, ஆகவே எரிந்தது. என் மதில் கல்லால் ஆனது, ஆகவே சரிந்தது..." பாத்திரத்தில் நுரை பொங்கப் பொங்க நான்கு பக்கமும் பிசிறில்லாமல் வரும். சீமாட்டியும் அசை போட்டபடி கேட்டுக்கொண்டிருக்கும்.

படப்பிடிப்பு நான்கு மணி நேரப் பயணத் தூரத்தில். அவள் கிளம்பிப் போன ஐந்தாம் நாள் கணவர் போன் செய்தார்.

"சீமாட்டி என்னைக் கிட்ட சேர்க்க மாட்டேங்குது."

"உதைக்குதா?"

"உதைச்சாக்கூடப் பரவாயில்லையே. பாலை இறக்க மாட்டேங்குது. அடக்கிக்கிட்டு நிக்குது. மடி கல்லு மாதிரி இருக்கு. இப்படியே விட்டா மடி நோய் வந்துடும்னு டாக்டரம்மா சொல்றாங்க."

"என் நைட்டி ஒண்ணை எடுத்து அது முகத்துக்கிட்ட காட்டிப் பாருங்க. வாசனைக்கு ஏமாறலாம்."

மறுநாள் அவரே விவரம் சொன்னார். முகத்துக்கிட்ட காட்டினால் அது நைட்டியைத் தின்னப் பார்த்ததாம். அதனால் அவரே போட்டுக்கொண்டாராம்.

"என்னது?"

"பச்சை நைட்டி. கொஞ்சம் இறுக்கந்தான். அரைப் பாத்திரம் கொடுத்துச்சு."

நடிகை சிரித்த சிரிப்பில் கண்ணுக்கு இட்ட மை கரைந்துவிட்டது. மறுபடியும் மை தீட்ட வந்த மேக்கப் பெண், "என்னக்கா, சொன்னா நாங்களும் சிரிப்போம்ல?" என்று கேட்டாள். நடிகை வாயே திறக்கவில்லை. அது வீட்டு ரகசியம்.

மீதி அரைப் பாத்திரத்துக்கு அவரே வழி கண்டுபிடித்தார். காலை ஐந்து மணிக்குப் போனை மாட்டின் காதுப் பக்கம் ஆணியில் மாட்டிவிடுவார். அங்கே, தலையில் கிரீடம் பொருத்துவதற்காகக் கூந்தலைப் பின்னிவிட்டுக்கொண்டிருக்கும்போதே, நடிகை மேக்கப் மேசையைத் துடைத்துக்கொண்டும் சீப்புகளை அடுக்கிக்கொண்டும் ராணியின் வசனத்தைப் போனில் சொல்வாள். பால் இறங்கிவிடும். இப்படியே பத்துப் பதினைந்து நாள் ஓடியது. சபைக் காட்சி வந்து சேர்ந்தது.

நான்கு நாள் ஒதுக்கியிருந்தார்கள். கொட்டகைக்குள் பிளாஸ்டரில் எழுப்பிய பெரிய மண்டபம், நானூறு துணை நடிகர்கள், தண்டவாளத்தில் உருளும் கேமரா. ஒன்பது கிலோ எடையுள்ள உடையோடு நடிகை நடுவில் நின்றாள். முதல் பக்கம் சீராகப் போனது. இரண்டாம் பக்கத்தில், 'என் மதில் கல்லால் ஆனது' என்ற இடத்துக்கு வந்ததும் மண்டைக்குள் துடைத்துவிட்டதுபோல ஆகிவிட்டது.

மறுபடி. மறுபடியும் அதே இடம். பதினொரு டேக். நானூறு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அவளையே பார்த்தார்கள். உதவி டைரக்டர் மெல்லப் பக்கத்தில் வந்து, "மேடம், காதுல சின்னதா ஒண்ணு வச்சு நாங்க எடுத்துக் கொடுக்கலாமா? வெளியில தெரியாது" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அவளுக்குத்தான் நெஞ்சில் முள் தைத்தது.

டைரக்டர் அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். கத்த மாட்டார். பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்துக்கொண்டே இருப்பார். அன்று பிளாஸ்க் மூன்று முறை காலியானது.

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கணவரிடமிருந்து போன் வரவில்லை. இவள் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ஆறு மணிக்கு நாத்தனாரிடமிருந்து ஒரு படம் வந்தது. 'அண்ணி, இதைப் பாத்தீங்களா?' என்று கீழே ஒரு வரி.

முதல் நாள் யாரோ கேட்டுக்கு வெளியிலிருந்து எடுத்த படம். பச்சை நைட்டி, தலையில் துண்டு, முழங்காலுக்குக் கீழே ரோமக் கால்கள், கையில் பால் பாத்திரம். 'பெரிய நடிகையின் புருஷன் நிலைமையைப் பாருங்க' என்று மேலே எழுதியிருந்தது. அதை ஊரெல்லாம் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் செட்டுக்குள் நுழைந்ததும் ஒரு மூலையில் சிரிப்பு சட்டென்று நின்றது. அதிலிருந்தே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

தன்னைப் பற்றி இருபத்தைந்து வருடமாக எத்தனையோ எழுதியிருக்கிறார்கள். துடைத்துப்போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். இவர் அப்படியா? கல்யாணத்தன்று போட்டோ எடுக்கவே கூச்சப்பட்டவர். ஒன்பது முறை கூப்பிட்டாள். ஒன்பது முறையும் எடுக்கவில்லை.

"சார், நான் வீட்டுக்குப் போகணும். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு இங்க இருப்பேன்" என்றாள் டைரக்டரிடம்.

"நானூறு பேர் நிக்கிறாங்க மேடம்."

"தெரியும். ராஜா பேசுற ஷாட்டை இன்னிக்கு எடுத்துக்குங்க. இப்ப என்னை நிக்க வச்சா பேர்கூட மறந்துபோகும்."

அவர் பிளாஸ்கைத் திறந்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவள் காரில் ஏறிவிட்டாள்.

நான்கு மணி நேரமும் அவருக்கு என்ன ஆறுதல் சொல்வது என்றே யோசித்தபடி வந்தாள். கேட்டைத் திறந்து உள்ளே ஓடினால், அவர் புல் வெட்டும் மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கை வரை கிரீஸ்.

"என்ன, இன்னிக்கு லீவா?"

"ஏன் போனை எடுக்கல?"

"தண்ணித் தொட்டியில விழுந்துடுச்சு. வெயில்ல காய வச்சிருக்கேன். எதுக்கு இப்படி மூச்சு வாங்குது உனக்கு?"

ஆக, மனுஷனுக்கு எதுவுமே தெரியாது. அவள் தன் போனை நீட்டினாள். அவர் கிரீஸ் படாமல் இரண்டு விரலால் வாங்கி, தூரத்தில் பிடித்து, பிறகு கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் வழக்கம்போல ஒரே மாதிரி இருந்தது.

"பின்னால வேலியில ஒரு கம்பி அறுந்திருக்கு பாரு. நல்லவேளை, படத்துல தெரியுது."

"நான் பதறியடிச்சு ஓடி வந்திருக்கேன். உங்களுக்கு அவமானமா இல்லையா?"

"இல்லேன்னு சொன்னா பொய். தங்கச்சி வீட்டு மாப்பிள்ளை ஒரு வருஷத்துக்கு இதைச் சொல்லியே சிரிப்பார். சிரிச்சுட்டுப் போகட்டும். மாட்டுக்கு மடி வீங்கல. எனக்கு அது போதும்" என்றார். பிறகு மறுபடியும் படத்தைப் பார்த்தார். "பச்சை எனக்குச் சேரலை, இல்ல?"

அவள் அங்கேயே புல் கட்டின் மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அழுகை பாதியில் சிரிப்பானது, சிரிப்பு மறுபடி அழுகையானது. அதோடு அதுவும் வெளியே வந்துவிட்டது. வசனம் மறந்துபோவது, பதினொரு டேக், காதுக்குள் வைக்கலாமா என்று கேட்டது, எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் மெஷினை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோளில் கை போட முடியவில்லை, கிரீஸ். தோளால் அவள் தோளை லேசாக முட்டினார்.

"எங்க மறக்குது?"

"மதில்ங்கிற இடத்துல."

"சரி, வா. சீமாட்டிக்குக் காலையில பாதிதான் கறந்தேன். போன் இல்லாம அது மசியல."

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். சீமாட்டி திரும்பிப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டது. வசனம் தொடங்கியது. கணவர் தூணில் சாய்ந்து, பழைய வழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான்கு பக்கமும் தங்குதடையில்லாமல் வந்து முடிந்தது.

"நீ மதில்ங்கிற இடத்துல காம்பை மாத்துற" என்றார் கண்ணைத் திறக்காமலே. "அங்க பால் சத்தம் ஒரு நொடி நிக்குது. அந்த நொடியிலதான் மூச்சு எடுக்குற. கை மாறின உடனே அடுத்த வரி வந்துடுது. செட்ல உன் கை என்ன பண்ணுது?"

அவள் யோசித்தாள். "சும்மா தொங்குது. கட்டிப்போட்ட ராணியாச்சே."

"போன்ல பேசுறப்பக்கூட ஏதோ உருட்டிக்கிட்டேதான் இருப்ப. எனக்குச் சத்தம் கேக்கும். உனக்கு மறதியெல்லாம் கிடையாதும்மா. கை சும்மா இருந்தா உனக்கு வாய் வராது. அவ்வளவுதான்."

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே நடிகை டைரக்டரின் அறைக்குள் நின்றாள். "பூசி மெழுக விரும்பல சார். கை சும்மா இருந்தா எனக்கு வரி வராது. ராணி பேசிக்கிட்டே தன் நகையை ஒவ்வொண்ணா கழட்டி வைக்கட்டும்."

"கைதியா நிக்கிறவங்க எதுக்குத் தானே கழட்டணும்?"

"அவன் பிடுங்குறதுக்கு முன்னால."

டைரக்டர் வெந்நீரைக் கோப்பையில் ஊற்றினார். குடிக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கதவைத் திறந்து, "அவங்க கையில இருக்குற கட்டை அவுத்துடுங்க. கேமராவை இன்னும் கிட்ட கொண்டு போங்க" என்று குரல் கொடுத்தார்.

டேக் ஆரம்பமானது. காதணியைக் கழற்றினாள், கதவு எரிந்தது. கழுத்து ஆரத்தைக் கழற்றினாள், மதில் சரிந்தது. வரிகள் தானாக வந்து விழுந்தன. மூன்றாம் பக்கத்தில் ஒரு வளையல் சிக்கிக்கொண்டது. தினமும் பால் கறந்து தடித்த மணிக்கட்டு, வளையலோ வேறு யாருக்கோ செய்ததுபோல இறுக்கம். அவள் இழுத்தாள். வரவில்லை. வசனத்தை நிறுத்தாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு, கையைத் தொடையில் ஊன்றித் திருகினாள். "என் குடிகள் உனக்குப் பணிவார்கள், பசிக்காக. உன்னை மறப்பார்கள், அதுவும் பசிக்காகத்தான்" என்ற இடத்தில் வளையல் தோலைச் சிராய்த்துக்கொண்டு வெளியே வந்து, தரையில் விழுந்து உருண்டு, ராஜா வேடக்காரரின் காலடியில் போய்ச் சாய்ந்தது. அவர் குனிந்து பார்த்தார். அவர் அப்படிச் செய்ய வேண்டும் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.

கடைசி வரி முடிந்த பிறகும் டைரக்டர் கட் சொல்லவில்லை. கால் நிமிடம் கழித்துத்தான் சொன்னார். சொன்ன குரல் அவர் குரல் மாதிரியே இல்லை. நானூறு பேரும் கை தட்டினார்கள். மேக்கப் பெண் ஓடி வந்து மணிக்கட்டில் பஞ்சை வைத்து அழுத்தினாள். "அக்கா, அந்த நைட்டி படத்தை என் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். ஒரு மனுஷன் இருந்தா இப்படி இருக்கணும்னு எழுதி."

நடிகை போனை எடுத்தாள். இந்த முறை முதல் மணியிலேயே எடுத்தார்.

"வந்துடுச்சுங்க. நாலு பக்கமும். ஒரே டேக்!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சியதுபோல ஏதோ கேட்டது.

"அழுறீங்களா?"

"தும்மல். வைக்கோல் தூசி. மேற்குப் பக்கம் மேகம் கறுத்துக்கிட்டு நிக்குது. வைக்கோல் பூரா வெளியில கிடக்கு. நாளைக்கு ஷூட்டிங் இருக்கா?"

"ஒதுக்கின நாலாவது நாள்தான் மிச்சமாயிடுச்சே."

"அப்ப வர்றியா?"

மேக்கப்பைக்கூட முழுசாகத் துடைக்காமல் அவள் காரில் ஏறினாள். வீடு வந்து சேர்ந்தபோது இரண்டு தூறல் விழுந்துவிட்டது. அவர் வண்டியின் மேல் நின்றார், அவள் கீழேயிருந்து கட்டுகளைத் தூக்கி எறிந்தாள். ராணியின் செந்தூரம் வியர்வையில் கரைந்து அவள் கழுத்தில் வழிந்தது. அவர் குனிந்து தன் தோள் துண்டால் அதைத் துடைத்துவிட்டார். மழை வலுக்கும் முன்னே இன்னும் முப்பது கட்டு ஏற்றியாக வேண்டும்.

"நிமிர்ந்து என்ன பாக்குற? எறி!" என்றார் அவர்.

அவள் எறிந்தாள்.