சேலைன் ஏற்றிய குடுவை

அனோஜன் மூன்று தடவை தோற்றிருந்தான். மூன்றும் ஒரே மாதிரி. ஆய்வுகூடத்தில் நைத்திரைல் ஒட்சைட்டு என்ற சேர்மத்தை அற்கீன் என்ற இன்னொன்றோடு சேர்த்து ஐந்து மூலை வளையம் செய்வதுதான் அவனுடைய முதுமாணி ஆய்வின் கடைசி அத்தியாயம். அந்த ஒட்சைட்டைப் போத்தலில் அடைத்து வைக்க முடியாது. ஒட்சைம் என்ற மூலப்பொருளோடு ப்ளீச்சைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, குடுவைக்குள்ளேயே பிறப்பித்து, பிறந்த கையோடு அற்கீனிடம் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஒரேயடியாக நிறையப் பிறந்தால் அவை அற்கீனை ஏறெடுத்தும் பாரா. தங்களுக்குள்ளேயே சோடி சேர்ந்துவிடும். மூன்று தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே பெண்ணெடுத்த அனோஜனின் குடும்பத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நாலரை கெலிஓயா பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், இரண்டு மணித்தியால வேலையை ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடத்தில் ஊற்றி முடித்திருந்தான். சொட்டுவிடும் இயந்திரம் பழுதுதான். ஆனால் அது வந்து அவன் கையைத் தள்ளிவிடவில்லை. இன்று செவ்வாய். வெள்ளியோடு அவனுடைய முதுமாணிப் பதிவு முடிகிறது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு கிராம் அற்கீன்.

காலையில் மருந்துக்கடையில் சேலைன் போத்தலும் குழாயும் கேட்டான்.

"யாருக்கு தம்பி சொகமில்ல?" என்றார் நஸீம் நானா.

"எனக்குத்தான் நானா."

மூன்று மணி தாண்டி, சேலைனைக் கொட்டிவிட்டு ப்ளீச்சை நிரப்பிக் குடுவைக்கு மேலே தொங்கவிட்டான். பக்கத்து மேசை சுபாஜினி, ஹந்தானைத் தோட்டத்துப் பெண், குடுவையைக் குளிரவைக்க ஐஸ் வாளியோடு வந்தாள்.

"என்னாங்க இது, பெரியாஸ்பத்திரி வார்டா?"

"ஓம். நீர்தான் நேர்ஸ்."

"மீன்கடை ஐஸ்தான் கெடைச்சிச்சு. பேஷன்ட் கொஞ்சம் சூரை வாசம் அடிப்பாரு, கண்டுக்காதீங்க."

நிமிடத்துக்கு எட்டுச் சொட்டு. நாலு மணிக்கும் போத்தலில் பாதிக்கு மேல் கிடந்தது. சுபாஜினி தேத்தண்ணி எடுக்கப் போனாள். அனோஜனின் விரல் தானாக, சொட்டைக் கூட்டிக் குறைக்கும் குழாய்ச் சில்லைத் திருப்பியது. சொட்டு நூலாக ஓடியது. இரண்டு நிமிடம் போனபிறகுதான் முந்திய மூன்று குடுவைகளும் ஞாபகத்துக்கு வந்தன. திடுக்கிட்டுத் திருப்பி இறுக்கினான்.

நாலரைக்கு வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தது. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டான்.

"கைக்கு என்னாச்சு?" என்றாள் தேத்தண்ணியோடு வந்தவள்.

"இதுகளை நம்பேலாது."

ஐந்தேகாலுக்குக் கடைசிச் சொட்டு விழுந்தது. சோதனைத் தட்டில் புள்ளி வைத்து, ஊதா விளக்கின் கீழ் பிடித்தார்கள். அற்கீனைக் காணவில்லை. அதுவரை ஒன்றும் தெரியாத இடத்தில் கறுத்துத் தடித்து ஒரு புதுப் புள்ளி. நாளைக்குப் பிரித்தெடுத்தால் வெள்ளிக்கு அத்தியாயம் தயார்.

"பேஷன்ட் தேறிட்டாரு," என்றாள் சுபாஜினி. பிறகு கண்ணைச் சுருக்கினாள். "மேல மங்கலா அந்தப் பழைய சோடி நிக்குதே, அது எப்படி?"

"நீர் தேத்தண்ணிக்குப் போன நேரம்..." என்று இழுத்தான்.

அவள் ஆய்வுக் குறிப்பேட்டை இழுத்து, 'நிமிடத்துக்கு எட்டுச் சொட்டு' என்று அவன் எழுதியிருந்ததற்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'நேர்ஸ் வெளியே போகக் கூடாது.'