ரசாயனம் இல்லாத டீ

மூன்றாவது முறையும் ரத்தப் பரிசோதனையில் மருந்தின் அளவு குறைந்துதான் வந்தது. டாக்டரம்மா தாளைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்தார். இந்த ஆள் மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறாரா இல்லையா என்று வாய் திறந்து கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராமல் என்ன செய்யும்? அண்ணன் வயிற்றுக்குள் இப்போது வேலை பார்ப்பது அவளுடைய சிறுநீரகம். ஐந்து மாதத்துக்கு முன்னால் அவளிடமிருந்து எடுத்து அவனுக்கு வைத்தார்கள். போன இடத்தில் அது நிலைக்க வேண்டுமென்றால் காலையும் மாலையும் மாத்திரை போட்டாக வேண்டும். மருந்து குறைந்தால் உடம்பு அதை வேற்றாள் என்று கண்டுகொண்டு விரட்ட ஆரம்பித்துவிடும். டாக்டரம்மா மாத்திரையை இரண்டு தடவை கூட்டிவிட்டார். கூட்டக் கூட்ட ரத்தத்தில் அது குறைந்துகொண்டே போனது. சிறுநீரகமும் திணற ஆரம்பித்திருந்தது. அடுத்த வியாழக்கிழமை ஊசி விட்டு அதிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்ப்பதென்று நாள் குறித்தாகிவிட்டது.

ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுப்பார்கள். ‘வேறு மருந்து ஏதேனும் எடுத்துக்கொள்கிறீர்களா?’ என்று ஒரு கேள்வி அதில் உண்டு. அண்ணன் பஸ் டிரைவர். எழுதினாலும் பஸ் நெற்றியில் எழுதுகிற அளவுக்குத்தான் எழுதுவான். ‘இல்லை’ என்று கட்டம் தாண்டி எழுதி அடிக்கோடும் போட்டிருந்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் அண்ணன் வீட்டுக்குச் சோதனை போடவே போனாள். மாத்திரை அட்டைகளை எல்லாம் மேஜையில் பரப்பினாள். தேதிவாரியாகக் காலி குழிகள் சரியாக இருந்தன. குப்பைக்கூடையைக் கூடக் கிளறினாள். அண்ணன் சோபாவில் சாய்ந்தபடி முதலில் சிரித்தான், பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு ஆயுசுக்கும் கணக்குக் கேட்பாள் என்று தெரிந்திருந்தால் வாங்கியே இருக்க மாட்டேன் என்றான். அவளும் விடவில்லை. கொடுத்த பொருளை ஓர் ஓரமாகப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் துப்பில்லாத ஆளுக்குக் கொடுத்ததுதான் தன் தப்பு என்றாள்.

அண்ணியையும் குடைந்தாள். வேறு மாத்திரை? இல்லை. சிரப், டானிக், பொடி? அதுவும் இல்லை. வலிக்கு ஏதாவது? சத்தியமாக இல்லை என்றார் அண்ணி. ஐந்து மாதமாக வேலைக்குப் போகாமல் வீட்டில் அடைந்து கிடக்கும் மனிதரோடு மல்லுக்கட்டியதில் அவர் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. இந்தக் குறுக்கு விசாரணையை வேறு சகிக்க அவருக்குத் தெம்பில்லை. சமையலறைக்குள் போனவர் ஆவி பறக்கும் ஒரு கண்ணாடி டம்ளரோடு வந்து அண்ணன் கையில் கொடுத்தார்.

அந்த வாசனை அவள் மூக்கில் ஏறியது. வாரத்தில் ஆறு நாள் அவள் அந்த வாசனைக்குள்தான் குடியிருக்கிறாள். வேலை முடிந்து குளித்தாலும் தலைமுடியை விட்டுப் போகாது.

அண்ணன் உதட்டருகே கொண்டுபோன டம்ளரை அவள் எழுந்துபோய்ப் பிடுங்கினாள். சட்டையெல்லாம் சிந்தியது.

“இது என்ன அண்ணி?”

“டீ. வேறென்ன?”

“எத்தனை நாளா?”

“ரெண்டு மாசம் இருக்கும். மூணு வேளை. தூக்கமில்லாம, யார்கிட்டயும் பேசாம உக்காந்திருந்தாரே, அதுக்குத்தான். குடிச்ச பிறகு மனுஷன் கொஞ்சம் தெளிஞ்சாரு.”

“இதைத்தானே இவ்வளவு நேரம் கேட்டேன்?”

“நீ மருந்துதானே கேட்ட?”

அவள் டம்ளரை மேஜைமேல் வைத்தாள். தெளிவு வந்தது உண்மைதான். வராமல் போனால்தான் அதிசயம். மனச்சோர்வு போக்கச் சீமையில் எத்தனையோ தலைமுறையாகக் காய்ச்சிக் குடிக்கிற மஞ்சள் பூ அது. அந்தப் பூவிலிருக்கும் ஒரு பொருள் மனசைத் தூக்கிவிடும். அதே பொருள் கல்லீரலையும் கிளப்பிவிட்டுவிடும். கிளம்பிய கல்லீரல் வேறு மருந்துகளைக் கண்டால் சும்மா விடாது, மளமளவென்று சிதைத்து வெளியே தள்ளிவிடும். டாக்டரம்மா மேலே ஊற்ற ஊற்ற, இந்த டீ கீழே வடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

இதெல்லாம் ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். அந்தப் பூவை டப்பாவில் அடைத்து விற்கும் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவின் தலைவியே அவள்தான். குற்றம் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி என்பதால் அங்கே அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். ஒவ்வொரு மூட்டையிலும் அந்தப் பொருள் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று இயந்திரத்தில் அளந்து, குறைந்தால் மூட்டையைத் திருப்பி அனுப்புவாள். அப்படிப்பட்ட சரக்குக்கு ‘ரசாயனம் எதுவும் இல்லாதது’ என்று டப்பாவில் அச்சடிக்கப் போவதாக முதலாளி சொன்னபோது அவள் குதித்தாள். செடியே ஒரு ரசாயனக் கூடம், அந்த ரசாயனத்துக்காகத்தானே விலையே கொடுத்து வாங்குகிறார்கள் என்று வாதாடினாள். வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்க வேண்டும் என்று ஒரு வரியாவது போடச் சொன்னாள். அடுத்த அச்சில் போடலாம் என்றார் முதலாளி. மூன்று கூட்டம் கத்திப் பார்த்தாள். நான்காவது கூட்டத்தில் தொண்டையும் போய்ப் பொறுமையும் போய், எப்படியோ போங்கள் என்று கையெழுத்துப் போட்டுத் தொலைத்தாள். ‘ரசாயனம் எதுவும் இல்லாதது’ என்ற வரிக்குக் கீழே அந்தக் கையெழுத்தையும் ஓர் அட்டையில் அச்சடித்து டப்பாவுக்கு ஒன்றாக உள்ளே வைத்துவிட்டார்கள்.

ஊழியர்களுக்கு ஆளுக்கு ஆறு டப்பா இலவசமாகக் கொடுத்தார்கள். அறுவை சிகிச்சைக்கு வெகுநாள் முன்பு, அண்ணனுக்கு இந்த மாத்திரையெல்லாம் வருவதற்கு முன்பு, அண்ணிக்குத் தூக்கம் வரவில்லையென்று அந்த ஆறையும் கொண்டுவந்து இதே சமையலறையில் வைத்தவள் அவள். வைத்தவள் மறந்தும் போனாள்.

“ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே அண்ணி” என்றாள்.

அண்ணி உள்ளே போய் அந்தச் சிறிய அட்டையை எடுத்துவந்து நீட்டினார். எண்ணெய்க் கறை படிந்திருந்தது. பத்திரப்படுத்தி வைத்திருந்தார் போல.

“கேக்கணும்னு தோணல. இதுல உன் கையெழுத்து இருந்துச்சு. அந்தத் தைரியத்துலதான் குடுத்தேன்.”

அதற்கு மேல் யாரைத் திட்டுவது? இத்தனை நாள் சேர்த்து வைத்த எரிச்சலையெல்லாம் கொட்ட வேறு ஆள் இல்லாமல் அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

உடனே டாக்டரம்மாவுக்கு போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் அவர் அவர்களை மறுநாளே வரச் சொன்னார். டீயை நிறுத்தினால் மட்டும் போதாது; கல்லீரல் அடங்க இரண்டு வாரம் பிடிக்கும், அடங்க அடங்க, கூட்டி வைத்த மாத்திரை ரத்தத்தில் ஏறி அதுவே விஷமாகலாம், வாரத்துக்கு இரண்டு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்து மெல்ல மெல்ல இறக்க வேண்டும் என்றார். வியாழக்கிழமைக்குள் அளவு ஏற ஆரம்பித்து, சிறுநீரகமும் கொஞ்சம் தேறினால் அன்றைய ஊசியைத் தள்ளிப்போடலாம். தேறாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

இந்தத் தடவை படிவத்தை அவளே நிரப்பினாள். டீயின் பெயரையும், பொருளின் பெயரையும், ஒரு வேளைக்கு எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்பதையும் கட்டம் கொள்ளாமல் எழுதினாள். டாக்டரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த மாதத்தில் காரணம் தெரியாமல் இப்படி மருந்து குறைந்து வருகிற நாலாவது ஆள் இவர், மற்ற மூன்று பேரையும் இந்த டீயைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றார். அட்டையை உருவிப் படித்ததும் அவருக்கும் பொறுமை போய்விட்டது.

“ரசாயனமே இல்லையாம். இதுக்கும் ஒரு புண்ணியவதி கையெழுத்து போட்டிருக்காங்க பாருங்க. யாரும்மா அது?”

“நான்தான் டாக்டர்.”

டாக்டரம்மா அட்டையைக் கீழே வைத்தார். என்ன சொல்லப் போகிறார் என்று அவள் தலைகுனிந்து காத்திருந்தாள். அண்ணன்தான் தொண்டையைச் செருமினான்.

“அவளைத் திட்டாதீங்க டாக்டர். உள்ள இருக்கிற கிட்னியும் அவளோடதுதான்.”

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வாயை மூடிக்கொண்டு உட்கார் என்று அண்ணனை அதட்டிவிட்டு, ரத்தம் கொடுக்க அவன் சட்டைக்கையை அவளே சுருட்டிவிட்டாள்.