பாட்டு பழசு

ஃபைல் பெயரின் நடுவே இடம் விடாதீர்கள் என்று பதினோரு வருடமாகப் பிள்ளைகளிடம் கத்துகிறேன். ஒரத்தநாடு பக்கம் ஒரு பள்ளியில் நான் கம்ப்யூட்டர் வாத்தியார். வீட்டு லேப்டாப்பில் நானே இடம் விட்டேன்.

என் மனைவி ஜாஸ்லின் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடியவள். தொண்டையில் கட்டி என்றதும், ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அவளைப் பன்னிரண்டு பாட்டு பாடவைத்துப் பதிவு செய்தேன். குரல் திரும்பும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. திரும்பவும் இல்லை. நான்கு மாதமாக வெறும் காற்றுதான் வருகிறது.

நன்றாக அமைந்தவை ‘பாட்டு’ என்ற ஃபோல்டரில் இருந்தன. சொதப்பியவை ‘பாட்டு பழசு’ என்ற ஃபோல்டரில். அவள் பிறந்தநாளுக்கு நல்லதையெல்லாம் பென்டிரைவில் போட்டுக் கொடுக்க நினைத்தேன். கையால் செய்தால் ஐந்து நிமிட வேலை. வாத்தியார் கெத்து விடுமா? பைதான் மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்: முதலில் பழசை அழி, பிறகு பாட்டை நகல் எடு. அழிக்கும் கட்டளையைப் பைதான் அப்படியே, கம்ப்யூட்டரில் கட்டளைகளை நிறைவேற்றும் ஷெல்லிடம் கொடுத்தது. பெயரை மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால், ஷெல்லுக்கு இடைவெளி வந்தாலே அடுத்த பெயர். நான் வைக்கவில்லை. ‘பாட்டு’, ‘பழசு’ என்று இரண்டாகப் படித்தது. ‘பழசு’ என்று எதுவும் இல்லை. ‘பாட்டு’ இருந்தது, அழித்துவிட்டது.

மீட்கும் மென்பொருள் மூன்றைப் போட்டுப் பார்த்தும் ஒன்றும் தேறவில்லை. இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்காமல் திரிந்தேன். மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன்.

"எல்லாமே போச்சா?" உதடுதான் அசைந்தது.

"சொதப்புனது மட்டும் இருக்கு."

"போடுங்க."

போட்டேன். இரண்டு வரி பாடுகிறாள். வெளியே அறுவடை மெஷின் இரைகிறது. பாட்டு நிற்கிறது. பிறகு அவளுடைய பழைய குரல், கணீரென்று: "மனுசனா நீங்க? குறுவை அறுப்பு நடக்குறப்பதான் பாடச் சொல்லுவீங்களா? சன்னலச் சாத்துங்க! அங்க என்ன இளிப்பு?"

ஜாஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று பயந்து நிறுத்தப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிரு ஜாஸ்லின். உன் பாட்டையெல்லாம்..."

"பாட்டுக்குக் கோயில்ல ஆள் இருக்கு." காதருகே வந்து மூச்சாகச் சொன்னாள். "உங்களத் திட்டத்தான் ஆளில்லாம இருந்துச்சு."

எனக்குத்தான் அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து போட்டேன். வாங்க வேண்டியதை முழுசாக வாங்கிக்கொண்டேன்.